என்னிடம் மட்டும் சொன்ன சாட்சி

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கமாட்டேன், பஸ் வரும்வரை நிழலில் உட்காரமாட்டேன். ஆபீஸிலும் அப்படித்தான். நிலக்கரி மைன்ஸ் டவுன்ஷிப்பில் முப்பது வருஷம் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். யார் எந்த ஷிப்டுக்கு வந்தார், யார் லீவு, யார் ஓவர்டைம் என்று வருகைப் பதிவேட்டைப் பார்ப்பதுதான் வேலை. ஒரு பக்கத்தைத் திருப்பினாலே எங்கே ஏமாற்று நடந்திருக்கிறது என்று கண்ணில் பட்டுவிடும். இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு ரிட்டயர்மெண்டுக்குப் பிறகு ஒரு வேலையும் இல்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூர் ரோட்டில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு வந்த இரண்டாவது வருஷம், கடலூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வேலையிடத்தில் பெண்களுக்குத் தொல்லை நேர்ந்தால் விசாரிக்கிற மாவட்டக் குழுவில் என்னை உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். பெரிய இடங்களில் அவர்களே தங்களுக்குள் ஒரு குழு வைத்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் சின்ன இடம் என்றாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ அது எங்களிடம் வரும். தலைவி ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியை. முழங்கால் வலிக்காரர், நிதானமானவர். என்னைப் போட்டதே அவருக்கு ஈடுகட்டத்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

முதல் வருஷம் பெரிதாக ஒன்றுமில்லை. அப்புறம்தான் அந்தக் கவுன்சிலர் மேல் புகார் வந்தது.

எங்கள் பக்கத்து ஒன்றியக் கவுன்சிலர் அவர். கட்சியில் நல்ல பிடி. அடுத்த சட்டமன்றத் தேர்தலில் சீட்டு அவருக்குத்தான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. மைன்ஸ் கம்பெனிக்குச் செடி வளர்த்துக் கொடுக்கும் சின்ன நர்சரி ஒன்றைக் காண்ட்ராக்டில் நடத்திக்கொண்டிருந்தார். ஒன்பது பெண்கள் வேலை. கம்பெனி காம்பவுண்டுக்குள் போக ஆளுக்கொரு பாஸ். மாதக் கடைசியில் பாஸைப் புதுப்பித்துத் தருவது அவர் கையில் இருந்தது. வேலை இருக்குமா இருக்காதா என்பதே அந்த அட்டையில்தான் இருந்தது.

புகார் கொடுத்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில் வீடு. கூலி வேலை செய்த குடும்பம், புருஷன் இல்லை, பத்தாவது படிக்கும் ஒரு மகள். அவள் எழுதியிருந்தது ஒன்றரைப் பக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, பாஸ் விஷயமாகப் பேச வேண்டும் என்று ஷெட்டுக்குள் கூப்பிட்டார். இடுப்பில் கை வைத்தார். தட்டிவிட்டதும், "பாஸ் வேணுமா, வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே கதவை மறைத்து நின்றார். அவள் தொட்டியொன்றைத் தள்ளி உடைத்துவிட்டு வெளியே ஓடி வந்தாள். அந்த மாதம் அவள் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை.

படித்து முடித்தபோதே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. அந்த ஆளை எனக்கு முன்பே பிடிக்காது. மேடையில் பெண்களைத் தாயே, தெய்வமே என்று கூப்பிட்டுக் கும்பிடுவார். கீழே இறங்கியதும் மைக் செட் கட்டியவனை நாயே என்பார். அது போக, என் வீட்டுக்காரர் மைன்ஸில் இருந்த காலம் முழுக்க எதிர்க் கட்சி யூனியன். இதை இங்கே எழுதியே ஆகவேண்டும். அன்று குழுவில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

விசாரணை விவரம் வீட்டில்கூடப் பேசக் கூடாது என்பது சட்டம். நான் மூச்சுவிடவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் காலை வாக்கிங் முடித்து வந்து, செருப்பைக் கழற்றியபடியே, "என்னம்மா, ஆளு வசமா மாட்டிக்கிட்டானாமே?" என்றார். டீக்கடைக்குத் தெரிந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் ஜிலுஜிலு என்றும் இருந்தது.

கடலூரில் மாடி அறையொன்றில் விசாரணை. கவுன்சிலர் வெள்ளைச் சட்டையில் நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். புகாரின் நகல் அவருக்கு முன்பே போயிருந்தது. தலைவி அதிலெல்லாம் சரியாக இருப்பார். எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

"அக்கா, மேடம், எல்லாரும் பெரியவங்க. நான் எதிர்த்துப் பேச வரலைங்க. இந்தப் பொண்ணு சொல்ற அன்னிக்கு அது வேலைக்கே வரல. ரெஜிஸ்டர் கொண்ணாந்திருக்கேன், நீங்களே பாருங்க."

பதிவேட்டை மேஜையில் வைத்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் பெயருக்கு நேரே வார ஓய்வு என்று இருந்தது. தலைவி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "ஓய்வுன்னு போட்டிருக்கேம்மா?"

"வந்தேங்க," என்றாள் அவள்.

"எப்படிம்மா வந்தே? ஓய்வு நாள்ல உன் பாஸைக் காட்டினா உள்ள விடமாட்டாங்களே?"

அவள் தரையைப் பார்த்தாள். "வந்தேங்க," என்றாள் மறுபடியும்.

"வந்ததுக்கு சாட்சி இருந்தா தாராளமா கூட்டியாரட்டும்க்கா," என்றார் கவுன்சிலர், என்னைப் பார்த்து. "என்னா சாட்சின்னு எனக்கும் காட்டுங்க. நானும் ரெண்டு கேள்வி கேட்டுக்கறேன். அவ்ளோதான் நான் கேக்கறது."

அந்தப் பணிவு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிவேட்டை இழுத்துப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. இரண்டு வரி கீழே இன்னொரு பெண்ணின் பெயர். மாதம் முழுக்க அவள் கையெழுத்து ஒரே இழுப்பில் கிறுக்கலாக இருந்தது. அந்தச் செவ்வாய் மட்டும் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துப் போட்ட கையெழுத்து. காண்ட்ராக்ட் பெண்கள் இப்படி ஆள் மாற்றிப் போவது எனக்குப் புதிதல்ல. ஒருத்திக்கு அவசரம் என்றால், ஓய்வில் இருக்கும் இன்னொருத்தி அவள் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். அட்டையில் போட்டோ இருக்கும். ஆனால் வாட்ச்மேன் முகம் பார்ப்பதில்லை, தலையைத்தான் எண்ணுவார். மேஸ்திரிக்கும் தெரியும், காண்ட்ராக்டருக்கும் தெரியும். வேலை நடந்தால் சரி என்று இருந்துவிடுவார்கள். எழுத்தில் வந்தால் மட்டும் குற்றம். இருவர் பாஸையும் பிடுங்கிக்கொள்வார்கள், அப்புறம் எந்த கேட்டிலும் அவர்களுக்கு வேலை கிடையாது. புகார் கொடுத்தவள் அன்று வந்திருந்தாள் என்பது கவுன்சிலருக்கு நன்றாகத் தெரியும். அவள் வாயைத் திறக்க முடியாது என்பதும் தெரியும்.

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். இந்தக் கையெழுத்தைப் பாருங்கள், அந்த இன்னொரு பெண்ணையும் கூப்பிடுங்கள், அவர் எதிரிலேயே கேட்போம் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டேன். அவருக்கு எதற்கு முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று நினைத்தேன். ஆட்களை விட்டு அந்தப் பெண்ணை மிரட்டிவிடுவார் என்று ஒரு நியாயமும் மனசுக்குள் தயாராக இருந்தது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். குள்ளஞ்சாவடியில் இறங்கி ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். வேலை போனபிறகு அதுதான் பிழைப்பு. கொட்டை எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"அன்னிக்கு யாரு பாஸ்ல உள்ள போன?" என்று எடுத்த எடுப்பில் கேட்டேன்.

அவள் அப்படியே நின்றாள். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"எனக்குத் தெரியும். சொல்லு."

அடுத்த தெருவிலிருந்து அந்த இன்னொருத்தியைக் கூட்டி வந்தாள். அவள் பயந்துகொண்டே சொன்னாள். "சேத்தியாத்தோப்புல எங்க தங்கச்சி வலி எடுத்துக்கினு கெடந்துச்சிங்க. லீவு கேட்டா குடுக்கமாட்டாங்க. இவதான் எனக்குப் பதிலா போறேன்னா. சாயங்காலம் நான் வந்தப்ப இவ வூட்டுல அழுதுக்கினு இருந்தா. அப்பவே என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா மேடம்."

இதைவிட என்ன வேண்டும்? அன்று மாலையே அழுதபடி சொன்னதைக் கேட்டவள் என் எதிரில் நிற்கிறாள். "உங்க ரெண்டு பேரோட பாஸ் விஷயம் வெளிய வராது. நான் பாத்துக்கறேன்," என்றேன். இன்னும் ஏதேதோ தைரியம் சொன்னேன். திரும்பிய பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

தலைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இதை அவருக்குக் காட்டணுமே மேடம். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பதிவு பண்ணாம எப்படி எழுதறது?"

"காட்டினா ரெண்டு பேரும் நடுத்தெருவுல நிப்பாங்க. அவனுக்கு நியாயம் பாத்துக்கிட்டு இவங்களைப் பலி குடுக்கணுமா?" என்றேன். அவன், இவன் என்று பேச ஆரம்பித்திருந்தேன். தலைவி இரண்டு நாள் தள்ளிப்போட்டார். நான் தினமும் போன் செய்தேன். கடைசியில் என் நச்சரிப்பு தாங்காமல் சரியென்றார். அறிக்கையை நான்தான் எழுதினேன். 'நம்பத்தகுந்த தகவலின்படி, புகார்தாரர் அன்று பணியிடத்தில் இருந்தார் என்று குழு திருப்தி அடைகிறது' என்று ஒரே வரி. மற்றதெல்லாம் அந்த வரியின் மேல் நின்றது.

குற்றம் நிரூபணமானதாக அறிக்கை போயிற்று. கம்பெனியில் அவருடைய காண்ட்ராக்டை ரத்து செய்தார்கள், புதுக் காண்ட்ராக்டரிடம் அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்க உத்தரவானது. பேப்பரில் பெயரில்லாமல் சின்னதாக வந்தது. எதிர்க் கட்சிக்காரர்கள் பெயர் போட்டுப் பெரிதாக போஸ்டர் ஒட்டினார்கள். மார்க்கெட்டில் தெரியாத பெண்கள்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இல்லை என்று சொன்னால் பொய்.

நான்காவது மாதம், கவுன்சிலர் போட்ட மேல்முறையீட்டில் உத்தரவு வந்தது. எட்டுப் பக்கம். நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தவள் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். ஷெட்டுக்குள் என்ன நடந்தது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. முழுக்க என்னைப் பற்றித்தான். 'நம்பத்தகுந்த தகவல்' எது என்று எதிர்மனுதாரரான கவுன்சிலருக்குச் சொல்லப்படவில்லை. யார் சொன்னார் என்று கேள்வி கேட்க வாய்ப்புத் தரப்படவில்லை. குழு உறுப்பினர் ஒருவர் புகார்தாரர் வீட்டுக்குத் தனியாகப் போயிருக்கிறார். ஆட்டோக்காரரின் வாக்குமூலம் இணைப்பில் இருந்தது. அந்த உறுப்பினரின் கணவர் எதிர்த் தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர். அதை அவர் வெளிப்படுத்தவில்லை. எனவே அறிக்கை ரத்து. புதிய உறுப்பினர்களைக் கொண்டு முதலிலிருந்து விசாரிக்க வேண்டும்.

படித்துவிட்டுத் தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். எனக்குத்தான் பதிவேட்டில் தப்புக் கண்டுபிடிக்கத் தெரியுமே! ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாமே நான் செய்ததுதான்.

இரண்டாம் நாள் வடலூர் நாலு ரோட்டில் அவருக்கு வரவேற்பு. பட்டாசு, மேளம், ஆளுயர மாலை. காய்கறிப் பையோடு கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். வேன் மேல் நின்று மைக்கில் சொன்னார்: "நான் தப்பு பண்ணனா இல்லையான்னு நீங்க முடிவு பண்ணுங்க. ஆனா என் மேல என்னா சொன்னாங்கன்னு எனக்கே காட்டாம தண்டனை குடுத்தாங்களே, அது நியாயமா?" கூட்டம் கைதட்டியது. அவர் சொன்னது உண்மை. அந்த வாய்க்கு அந்த உண்மையை எடுத்துக் கொடுத்தவள் நான்.

அவளுக்குத் திரும்பக் கிடைத்த வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை. பொய்ப் புகார் கொடுத்தவள் என்று இப்போது கவுன்சிலரின் ஆட்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். மகள் படிக்கும் பள்ளிக்கூட வாசலிலேயே பேசினார்களாம்.

வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. பீரோவைக் காலி செய்து அடுக்கினேன், மறுபடி காலி செய்தேன். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து தொட்டி நிரம்பித் தெருவெல்லாம் தண்ணீர். கொடியில் காயும் துணியை எடுக்கப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது கேட்டார்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே? நம்ம கட்சி ஆளு மேல இதே புகார் வந்திருந்தா, நீ அவ்வளவு வேகமா பஸ் ஏறியிருப்பியா?"

"அவன் பண்ணினது உண்மை," என்று கத்தினேன்.

"அத நான் இல்லைன்னு சொல்லலையேம்மா. உன்னைத்தான் கேட்டேன்."

குழம்பு ஊற்றினேன், அவர் தட்டில் வழிந்தது. ஏறியிருக்க மாட்டேன். அவர் எதிரிலேயே கேளுங்கள், சாட்சியைக் கூப்பிடுங்கள், அவசரப்பட வேண்டாம், ஒரு மனுஷன் மானம் இது என்று நான்தான் தலைவியிடம் வாதாடியிருப்பேன். ஒவ்வொரு விதியும் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்திருக்கும்.

புகார் கொடுத்தவளைப் போய்ப் பார்க்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. பஸ் ஏற ஒரே நாளில் கிளம்பியவளுக்கு, மன்னிப்புக் கேட்க மூன்று வாரம். புதிய குழு அவளுக்குத் தேதி கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அன்று காலை ஏழு மணிக்கே குள்ளஞ்சாவடியில் இறங்கினேன். கடலூர் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அந்த இன்னொருத்தி. இருவரும் கஞ்சி போட்ட காட்டன் புடவையில், தலை வாரிப் பூ வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் போல நின்றார்கள்.

"ரெண்டு பேரும் போறீங்களா?" என்றேன்.

"ஆமாங்க. பாஸ் மாத்திக்கினு போனத நாங்களே எழுதிக் குடுத்துட்டோம்," என்றாள் இன்னொருத்தி. "அவருக்கும் ஒரு காப்பி அனுப்பிட்டாங்களாம். கேள்வி கேக்கறதுன்னா கேக்கட்டும்."

"வேலை?"

"போயிடுச்சிங்க. எழுதிக் குடுத்த மறுநாளே ரெண்டு பாஸையும் வாங்கிக்கினாங்க."

எதற்காக நான் அந்த ஒரு வரியை எழுதினேனோ, எதைக் காப்பாற்றுவதாக தலைவியிடம் கத்தினேனோ, அதை அவர்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். "என்னாலதான் இப்படி ஆச்சு. உங்களைக் காப்பாத்தணும்னுதான் மறைச்சேன்," என்றேன்.

புகார் கொடுத்தவள் என்னை நேராகப் பார்த்தாள். விசாரணை அறையில் தரையைப் பார்த்தவள் இவள்தானா என்று இருந்தது. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நீங்க வூட்டுக்கு வந்தப்பவே நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்ங்க. பாஸ் போனா போவுது, அவன் எதிர்லயே சொல்லிடறோம்னு உங்ககிட்ட சொன்னேன். நீங்க காதுல வாங்கிக்கல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டீங்க."

யோசித்துப் பார்த்தேன். எனக்கு அது நினைவே இல்லை. அவள் பொய் சொல்லமாட்டாள் என்று மட்டும் தெரியும்.

"நாலு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்," என்றாள். "இப்ப எம் பொண்ணும் கேட்டுக்கினு இருக்கா, ஜெயிச்சிட்டோம்னு சொன்னியேம்மா, ஏன் திரும்பவும் போறேன்னு."

கடலூர் பஸ் தூரத்தில் வந்தது. நானும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். வெளியே பெஞ்சிலாவது உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். முந்திரி எண்ணெயில் வெந்து காய்ப்பேறிய விரல்கள்.

"நீங்க வராதீங்க மேடம். உங்களப் பாத்தா அவன் திரும்பவும் உங்களப் பத்தியே பேசுவான். இந்தத் தடவ என்னா பண்ணான்னு மட்டும் பேசணும்ங்க."

பஸ் நின்றது. இருவரும் ஏறி, டிரைவருக்குப் பின்னால் இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். அவள் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.